நான்காம் வளையத்தின் கறுப்பு

பிப்ரவரி 4

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை, திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மதிப்பீட்டாளர்களில் இருவருக்குப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. மூன்றாமவர் மட்டும் ஒரு சோதனை கேட்கிறார். தொண்ணூறு நாள் அவகாசம்.

என் கைடு ஹேமலதா மேடம் சந்தோஷத்தில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கி வரச் சொன்னார். "ரோஸ்லின், மூணாவது ஆளு கேக்குறது நியாயமான கேள்வி. உன் கைக்கு இது ஒரு மாச வேலை. ஏன் இதை முன்னாடியே பண்ணாம விட்டோம்?" என்றார். நேரம் கிடைக்கவில்லை மேடம் என்றேன்.

கட்டுரையில் என் பெயரும் தனுஷ்கோடி பெயரும் சமமாக முதலில் நிற்கின்றன. ஈக்களை வளர்த்து, கலந்து, எண்ணியது நான். புரதம் டிஎன்ஏவில் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று காட்டியது அவன். இந்தக் கட்டுரையை நம்பித்தான் ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் அவனை எடுத்துக்கொள்கிறது. எனக்கு இதோடு முனைவர் பட்டம். ஏழாவது வருடம்.

பத்திரிகைக்காரர்கள் பொது வாசகருக்கும் புரியும்படி ஒரு சுருக்கம் கேட்டிருக்கிறார்கள். முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

"பழ ஈயின் எல்லா செல்களிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு உடலின் எந்தப் பகுதியில் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டளைகளும் அதே நூலில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு பகுதிக்கான கட்டளை பக்கத்துப் பகுதியில் புகுந்துவிடாமல் நடுவே தடுப்புகள் உண்டு. தடுப்பு என்பதும் டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டுதான். அதன்மேல் சில புரதங்கள் வந்து பிடித்துக்கொண்டால்தான் அது தடுக்கும். அப்படிப்பட்ட புதிய புரதம் ஒன்றைக் கண்டறிந்திருக்கிறோம். ஆண் ஈயின் வயிற்றில் ஐந்தாம், ஆறாம் வளையங்கள் மட்டுமே முழுக்கக் கறுப்பாக இருக்கும். இந்தப் புரதம் இல்லாத ஈக்களில் நான்காம் வளையமும் கறுத்துவிடுகிறது."

புரதத்துக்கு 'வரப்பு' என்று பெயர் வைத்தவன் தனுஷ்கோடி. பரமக்குடிக்காரன், வயல் வைத்திருக்கும் வீடு.

மூன்றாமவர் கேட்பது இதுதான்: வரப்பு மரபணு கெட்டுப்போன ஈக்குள் நல்ல வரப்பு மரபணுவைத் திரும்ப வைத்தால் கறுப்பு மறைகிறதா? மறைந்தால்தான் கறுப்புக்குக் காரணம் வரப்பு இல்லாமைதான் என்று உறுதியாகும்.

பழைய நோட்டுகளை எல்லாம் அலமாரியில் வரிசையாக அடுக்கச் சொன்னார் மேடம். அடுக்கினேன். 2016 நோட்டு ஒன்று மட்டும் அகப்படவில்லை.

பிப்ரவரி 5

நல்ல வரப்பு வைத்த ஈ வகை போன வருடத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. முதல் கலப்பு போட்டேன். பன்னிரண்டு குப்பிகள். ஈ உணவு தீர்ந்துவிட்டதால் சோளமாவு காய்ச்சினேன். அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 9

பூனேயிலிருந்து பர்ஹானாவின் மெயில். மேலப்பாளையத்துப் பெண். அங்கே மூன்றாம் வருட ஆராய்ச்சி மாணவி. நாங்கள் கட்டுரையை முதலில் இணையத்தில் போட்டபோது படித்துவிட்டு ஈ கேட்டாள், அனுப்பினேன். நேரில் பார்த்ததில்லை. என்னை அக்கா என்றுதான் எழுதுவாள்.

"அக்கா, நீங்கள் அனுப்பியபோது எல்லா ஆண் ஈயிலும் நான்காம் வளையம் கறுப்பாகத்தான் இருந்தது. எங்கள் வழக்கப்படி ஆறு தலைமுறை சுத்தமான ஈயோடு கலந்து எடுத்தேன். இப்போது கறுப்பு இல்லை. ஆனால் வரப்பு கெட்டுப்போய்த்தான் இருக்கிறது, மூன்று முறை சோதித்துவிட்டேன். நான் எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா?"

நாளை பதில் எழுத வேண்டும்.

பிப்ரவரி 16

இரண்டாம் கலப்பு. அதிகாலையில் போய், அப்போதுதான் பொரிந்து வந்த பெண் ஈக்களைப் பிரித்தெடுத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. பர்ஹானாவுக்கு இன்னும் எழுதவில்லை.

பிப்ரவரி 28

ஈக்கள் வந்துவிட்டன. மயக்கவைத்து மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாற்பத்தொரு ஆண்கள். நாற்பத்தொன்றிலும் நான்காம் வளையம் கறுப்பு.

திரும்பவும் எண்ணினேன். நாற்பத்தொன்று.

உள்ளே வைத்த மரபணு வேலை செய்யாமல் இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 3

தனுஷ்கோடியிடம் ஈக்களைக் கொடுத்து, வரப்புப் புரதம் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். புரதம் பட்டையாகப் பதிந்த பிலிமைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"ரோஸு, பாரு, பளிச்னு வந்துருக்கு! சாதாரண ஈயில எவ்வளவு இருக்குமோ அதே அளவு. சரி, ஈ என்ன சொல்லுது?"

"இன்னும் எண்ணி முடிக்கல."

"மெதுவா எண்ணு. அவசரமில்ல. வீட்டுல டிக்கெட் போடச் சொல்லிட்டு இருக்கா, ஜூன்ல போட்டுரட்டா?"

போடு என்றேன்.

மார்ச் 6

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு ஆய்வகம் போனேன். இரண்டாவது தொகுதி ஈக்களை எண்ணினேன். ஐம்பத்திரண்டு. எல்லாம் கறுப்பு.

மார்ச் 11

பர்ஹானாவிடமிருந்து இன்னொரு மெயில். இந்த முறை நீளமாக.

அவளுடைய வருடாந்திரக் கூட்டத்தில், "வெளியான முடிவையே திரும்பக் கொண்டுவர முடியவில்லை என்றால் கையில் கோளாறு" என்று கைடு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். அவளுக்கு ஆராய்ச்சி சரிவருமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். பதினாலு மாதமாக இந்த ஒன்றில்தான் இருக்கிறாளாம். "என் கையை எனக்கே பிடிக்காமல் போய்விட்டது அக்கா. எதைத் தொட்டாலும் நான்தான் கெடுத்தேனோ என்று தோன்றுகிறது. ஒரு வழி சொல்லுங்கள்."

உடனே பதில் எழுதினேன். ஈக்களைப் பதினெட்டு டிகிரியில் வளர்த்துப் பார்க்கச் சொன்னேன். குளிர்ச்சியில் ஈ வயிற்றின் கறுப்பு கூடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. பொய் எதுவும் எழுதவில்லை.

பதினெட்டு டிகிரியில் ஒரு தலைமுறை வளர இருபது நாள் ஆகும்.

மார்ச் 15

குப்பிகளில் உண்ணி புகுந்துவிட்டது. எண்பது குப்பியைக் கொதிநீரில் போட்டோம். முதுகுவலி. இப்படி வேலை இருந்தால் நல்லது.

மார்ச் 19

ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினாள். "குரல் ஏன் இப்படி இருக்கு? தவக்காலம்னு பட்டினி கிடக்கியா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 23

மேடத்திடம் சொல்லிவிட்டேன். இரண்டு தொகுதி, தொண்ணூற்று மூன்று ஈ, கறுப்பு மறையவில்லை என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உள்ள வச்ச ஜீன் வேலை செய்யலன்னு எழுதிடலாம்."

"புரோட்டீன் வந்துருக்கு மேடம். தனுஷ்கோடி பார்த்துட்டான்."

"அந்தப் படத்தைக் கட்டுரையில போட வேண்டாம். கேக்க மாட்டாங்க. ஒருத்தர் கேட்ட ஒரு கேள்விக்காக ஆறு வருஷத்தைத் தூக்கிப் போடச் சொல்றியா? தனுஷ்கோடி பொண்டாட்டி மாசமா இருக்கா, தெரியும்ல? ஈ விஷயத்துல ஆயிரம் இருக்கும். போ, எழுதிக் கொண்டுவா."

வெளியே வந்தபோது உடம்பு லேசானது மாதிரி இருந்தது. பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார், இனி அது என் முடிவில்லை. வெகுநாள் கழித்து இன்று பரோட்டா இரண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 30

கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலிட்டதும் வேறு எதையோ சொன்னேன். அம்மாவிடம் எரிந்து விழுந்தது, ஞாயிறு பூசைக்குப் போகாதது. ஃபாதர் பரிகாரமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லவில்லை.

ஏப்ரல் 2

மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். "உள்ளே வைத்த மரபணு போதிய அளவு வெளிப்படவில்லை" என்று ஒரு வரி. அதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. காலையில் தொடங்கி மத்தியானம் வரை அந்த வரியை எழுதி எழுதி அழித்தேன்.

ஏப்ரல் 8

பர்ஹானா.

"அக்கா, பதினெட்டு டிகிரியிலும் கறுப்பு வரவில்லை. நான் விலகுகிறேன். கடிதம் கொடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். இவ்வளவு நாள் உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னித்துவிடுங்கள்."

மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாள். என்னிடம்.

ஏப்ரல் 9

அவளுக்கு ஐந்து மெயில் போட்டேன். பதில் இல்லை. அவள் போன் நம்பரை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆய்வகக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ முடிந்தது. வெளியே வந்தால் தனுஷ்கோடி நிற்கிறான். "உனக்கு என்ன ஆச்சு ரோஸு? யாரும் எதும் சொன்னாங்களா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். இந்த ஈக்கள், இந்தக் குப்பிகள், இந்தப் புளித்த வாடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று நாள் முழுதும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கே போனாலும் நான்தானே போக வேண்டும்.

ஏப்ரல் 10

2016 நோட்டு எங்கேயும் தொலையவில்லை. என் கட்டிலுக்கு அடியில், துணிப்பெட்டியில் இருக்கிறது. நான்தான் வைத்தேன். இன்று எடுத்தேன்.

செப்டம்பர் 14, 2016. பக்கம் 61. என் கையெழுத்துதான்.

அன்று எண்ணியது வரப்பு கெட்டுப்போன ஈக்களின் உடன்பிறப்புகளை. அவற்றில் வரப்பு நன்றாக இருக்கிறது. ஆகவே நான்காம் வளையம் வெளுப்பாக இருக்க வேண்டும். பத்தொன்பது ஆண்களில் ஏழு கறுப்பு. வரப்பு சரியாக இருந்தும் கறுப்பு. ஏழு என்று எழுதி, பக்கத்தில் "கலப்படம்" என்று எழுதி, ஈக்களை, வேண்டாதவற்றைக் கொல்லும் எண்ணெய்க் கிண்ணத்தில் கொட்டியிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் வேறொரு குப்பியிலிருந்து இருபது ஈக்களை எடுத்து எண்ணியிருக்கிறேன். எல்லாம் வெளுப்பு. கட்டுரையில் போனது அந்த இருபதுதான்.

கலப்படம் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். கலப்பட ஈ என்றால் கண் நிறமும் மாறியிருக்கும். மாறவில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கொட்டினேன்.

ஏப்ரல் 11

தடுப்பு டிஎன்ஏ இருக்கும் இடத்தை, நான் ஆரம்பத்தில் வாங்கிய ஈ வகையிலிருந்து பல நகல்களாகப் பெருக்கி அளவு பார்த்தேன். மூன்று மணி நேர வேலை. மூன்று வருடமாகச் செய்யாத மூன்று மணி நேரம்.

துண்டு இருக்க வேண்டிய அளவைவிடச் சின்னதாக இருக்கிறது. அதாவது, என் ஈக்களில் புரதம் பிடித்துக்கொள்ள வேண்டிய அந்த டிஎன்ஏ இடமே கொஞ்சம் அறுந்து போயிருக்கிறது. வரப்பு மரபணு இருப்பதில் அல்ல, வேறொரு குரோமோசோமில், ஆரம்பம் தொட்டு. கறுப்புக்குக் காரணம் அதுதான். வரப்புப் புரதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கறுப்பு இருக்கும்.

பர்ஹானா ஆறு தலைமுறை கலந்து சுத்தப்படுத்தியபோது அந்த அறுந்த துண்டு வெளியேறிவிட்டது. அதோடு கறுப்பும் போய்விட்டது. அவள் கையில் கோளாறு இல்லை.

ஏப்ரல் 12

தனுஷ்கோடியைக் கேம்பஸ் வாசல் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். நோட்டைக் காட்டினேன், அறுந்த துண்டின் படத்தைக் காட்டினேன். அவன் டீயைக் குடிக்கவே இல்லை.

"என் ஜெல் சோதனையில பொய் இல்ல ரோஸு," என்றான். "வரப்பு அந்த எடத்துல போய்ப் பிடிக்குது. நான் எத்தன தடவ பாத்தேன் தெரியுமா?"

"தெரியும். அது உண்மைதான். பிடிக்குது. ஆனா அதை எடுத்துட்டா கறுப்பாகுதுங்கிறதுதான்..."

"நீ சொன்னது."

"ஆமா. நான் சொன்னது."

"இத ரெண்டாயிரத்துப் பதினாறுல சொல்லிருந்தா நான் வேற எதாச்சும் பண்ணிருப்பேன்ல? மூணு வருஷம்டி. டிக்கெட்டப் போடுன்னு நீதானே சொன்ன, போன மாசம்?"

அவன் எழுந்து போனான். பாதி தூரம் போய் நின்றான், திரும்பி வருவான் என்று நினைத்தேன். வண்டிகள் போவதற்காகத்தான் நின்றிருக்கிறான்.

ஏப்ரல் 13

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், காரணம் இது என்று, படத்தோடு. மேடத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நகல். பர்ஹானாவின் கைடுக்கும் அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் மேடம் கூப்பிட்டார்.

"அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலையா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்வீங்க மேடம்."

"சொல்லிருப்பேன். அன்னைக்கு அந்தப் படத்தைப் போட வேண்டாம்னு சொன்னப்போ எனக்கும் தெரியும். என்னைக்காவது இதை யாராவது சொல்வாங்கன்னு. அது நீயா இருக்கும்னு நினைக்கல. சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டு ரெண்டு வாரம் ஊருக்குப் போ. உன்னை என்ன பண்றதுன்னு நான் யோசிக்கணும்."

ஏப்ரல் 15

ஊருக்குப் போகவில்லை. அம்மா முகத்தைப் பார்க்க முடியாது. ஹாஸ்டல் அறையிலேயே இருக்கிறேன்.

ஏப்ரல் 17

குளித்தேன்.

ஏப்ரல் 21

ஈஸ்டர். கோவிலுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 23

தனுஷ்கோடியிடமிருந்து ஒரு செய்தி. ஜெர்மனிக்காரருக்கு அவனே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான். புரதம் பிடிப்பதை மட்டும் தனிக் கட்டுரையாகப் போட்டுவிட்டு வா, ஒரு வருடம் இடத்தை வைத்திருக்கிறேன் என்று அவர் பதில் போட்டாராம். கீழே: "உன் பேர் இதுல இருக்காது. கோபத்துல சொல்லல." பர்ஹானாவின் வீட்டு முகவரியையும் அனுப்பியிருக்கிறான். பூனேயில் அவனுக்குத் தெரிந்த ஒருவரிடம் விசாரித்து வாங்கினானாம். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 27

மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணி பஸ். பத்தரைக்கெல்லாம் மேலப்பாளையம். இரண்டு இடத்தில் வழி கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்தது அவளுடைய உம்மா. மதுரையிலிருந்து வருகிறேன், பர்ஹானாவோடு வேலை விஷயமாகப் பழக்கம் என்றேன். "வாங்கம்மா, உள்ள வாங்க. அவ யாரோடயும் பேச மாட்டேங்கா. நீங்களாவது கேளுங்க," என்று உட்காரவைத்து டீ போடப் போனார். உள்ளறையில் ஓர் ஆண் இருமும் சத்தம்.

பர்ஹானா வந்தாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"ரோஸ்லின் அக்காவா! இவ்வளவு தூரம் எனக்காகவா வந்தீங்க? மெயிலையே நான் தொறக்கல அக்கா. பாக்கவே பயமா இருந்துச்சு."

உட்காராமல் நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும். அறுந்த துண்டைப் பற்றி, அவள் சுத்தப்படுத்தியதுதான் சரி என்பதைப் பற்றி. "நீங்க எங்கேயும் தப்பு பண்ணல பர்ஹானா. எனக்கு முன்னாடியே சரியான பதிலைக் கண்டுபிடிச்சது நீங்கதான்."

அவள் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"உங்களுக்கு இது எப்பத்துலேருந்து தெரியும்?"

போன மாதம் என்று சொல்லலாம். பிப்ரவரி என்று சொன்னாலும் நம்புவாள்.

"ஈ சரியில்லன்னு மூணு வருஷமாத் தெரியும்."

"நான் ஈ கேட்டு எழுதுனப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பதினெட்டு டிகிரியில வளத்துப் பாருன்னு சொன்னீங்களே, அப்ப?"

"தெரியும்."

உம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனார். டீயில் ஆடை படிந்தது.

"எங்க சொந்தத்துல யாருமே என்னைய பூனேக்கு அனுப்பக் கூடாதுன்னாங்க," என்றாள். "வாப்பா ஒரு ஆளு நின்னு, எம்மவ படிப்பான்னு சண்ட போட்டு அனுப்புனாங்க. திரும்பி வந்த அன்னைக்கு, ஏம்மா முடியலயான்னு கேட்டாங்க. முடியல வாப்பான்னு சொன்னேன். அன்னைலருந்து அவங்க பள்ளிவாசலுக்குப் போனாக்கூட யார்ட்டயும் நின்னு பேசுறதில்ல."

"உங்க கைடுக்கு எழுதிட்டேன்..."

"அது சரி. இப்ப எங்க வாப்பாவுக்கு எழுதுங்க. தமிழ்ல. அவங்க படிச்சா புரியுற மாதிரி."

நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எழுதினேன். உங்கள் மகள் செய்த சோதனை சரியானது என்று தொடங்கினேன். நான் அனுப்பிய ஈக்களில் ஏற்கெனவே ஒரு குறை இருந்தது என்று எழுதினேன். என் கவனக்குறைவால் அது உங்கள் மகளுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று எழுதினேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே வந்தாள். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"கவனக்குறைவு இல்லல்லா அக்கா."

அக்கா என்றுதான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. கணக்கில் ஒரு தவறான எண்ணைக் காட்டுவதுபோல் காட்டினாள்.

அந்த வரியை அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: "இந்தக் குறை எனக்குத் தெரியும். உங்கள் மகளிடமிருந்து அதை மறைத்தேன்."

எழுதி முடித்து நிமிர்ந்தபோது, மறுபடி பூனேக்குப் போவீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அத நான்தான் பாக்கணும்," என்றாள். "நீங்க கையெழுத்துப் போடுங்க."

ரோஸ்லின் பர்னாந்து என்று முழுப் பெயரையும் எழுதினேன். அவள் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். பிறகு என் முன்னால் திரும்ப வைத்தாள்.

"தேதி போடுங்க."

போட்டேன். அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். "வாப்பா," என்று கூப்பிடுவது கேட்டது. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.